வீட்டுக் கடன் தவணை தவறினால்: நோட்டீஸ் முதல் ஏலம் வரை

நாளிதழில் 'சுவாதீன அறிவிப்பு' என்று கட்டம் கட்டி வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி' என்று மட்டும் இருக்கும். பொதுத்துறை வங்கி ஒன்றின் வசூல் பிரிவில் அந்தக் கையொப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கோவை, திருப்பூர் பக்கம்தான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு, நோட்டீஸ் வாங்கியவர்கள் தெரிந்தவர் மூலமாக என்னைத் தேடி வருகிறார்கள். நிலம், வீடு விற்பனை படுத்துவிட்ட காலங்களில் வருவோர் தொகை கூடும். பாதிப் பேர் காலம் கடந்தே வருகிறார்கள். நோட்டீஸ் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கும். பதில் மட்டும் போயிருக்காது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுகிறேன். "கேஸ் போட்டுத்தானே வீட்டை எடுக்க முடியும், அதற்குப் பத்து வருஷம் ஆகும்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரரிடம் வாங்கிய அடமானக் கடனுக்கு அது பொருந்தும். அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வங்கிக்கும் வீட்டுவசதிக் கடன் நிறுவனத்துக்கும் 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. அதன்படி, வழக்குப் போடாமலேயே வங்கி உங்கள் வீட்டைச் சுவாதீனம் எடுத்து, அதாவது தன் கைவசம் கொண்டுவந்து, ஏலம் விடலாம். சிவில் நீதிமன்றம் இதில் தடை உத்தரவு தர முடியாதபடி அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு கதவை அடைத்திருக்கிறது. வங்கியின் கையைக் கட்டுவது, அந்தச் சட்டமும் அதன் விதிகளும் சொல்லும் தேதிகளும் நடைமுறையும்தான். அதனால் உங்கள் பாதுகாப்பும் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

முதல் தொண்ணூறு நாள்

தவணை கட்ட வேண்டிய நாளிலிருந்து 90 நாள் தாண்டியும் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். மார்ச் 31-இல் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால், ஜூன் 29 அன்று நாள் முடிவில் கணினியே அந்த முத்திரையைக் குத்திவிடும். மேலாளருக்கு உங்கள்மீது எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அந்த இரவில் அவரால் எதுவும் செய்ய முடியாது.

இங்கே இரண்டு செய்திகள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. நிலுவை முழுவதையும், அசலும் வட்டியுமாகக் கட்டினால்தான் திரும்பும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஆனால் 90 நாளுக்கு முன்பு நிலைமை வேறு. கட்டும் பணம் பழைய நிலுவையில் சேர்வதால், இரண்டு தவணை பின்தங்கியவர்கூட மாதம் ஒன்று விடாமல் கட்டிக்கொண்டே வந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கலாம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை 80-ஆம் நாள் கட்டுவதற்கும் 100-ஆம் நாள் கட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு, முத்திரை விழுவது ஆளுக்கு. ஒரு கணக்கோடு அது நிற்காது. அதே வங்கியில் நீங்கள் வாங்கிய தனிநபர் கடன் வாராக்கடன் ஆனால், ஒழுங்காகக் கட்டிவந்த வீட்டுக் கடனும் கூடவே ஆகிவிடும். சிறிய கடன்தானே என்று அதை விட்டுவிட்டு வீட்டுக் கடனை மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏமாந்துபோய் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கேட்க வேண்டியவை: கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா, வட்டி விகிதத்தைப் புதிய வாடிக்கையாளருக்குத் தரும் அளவுக்கு இறக்க முடியுமா, மறுசீரமைப்பு உண்டா. வட்டி என்பது சின்ன விஷயமன்று. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்; அதை ஒட்டியே வீட்டுக் கடன் வட்டியும் ஏறி இறங்கும். 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 20 ஆண்டுக்கு வாங்கிய 30 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 7 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 23,300 ரூபாய், 9.5 சதவீதத்தில் 28,000 ரூபாய். சம்பளம் ஏறாத வீட்டில் அந்த வித்தியாசமே தவணையைத் தவறவைக்கும். வேறு வங்கிக்குக் கடனை மாற்ற நினைத்தாலும் இப்போதே செய்ய வேண்டும். தவணை தவறிய கணக்கை எந்த வங்கியும் தொடாது.

தவணை கட்ட நகையை அடகு வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், அடுத்த மாதம் வருமானம் திரும்பும் என்று உறுதியாகத் தெரிந்தால். கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கித் தவணை கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். எரிகிற வீட்டை அணைக்க எண்ணெய் ஊற்றும் வேலை அது.

13(2) நோட்டீஸைப் படிக்கும் முறை

சர்ஃபேசி சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவின்படி வருவதுதான் முதல் கோரிக்கை நோட்டீஸ். நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாளுக்குள் முழுக் கடனையும் கட்டச் சொல்லும். தவறிய தவணைகளை மட்டும் கேட்காது. மொத்தக் கடனையும் கேட்கும். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். செய்தி ஊர் முழுக்கப் போய்ச் சேரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். கணக்கு எண் சரியா? வாராக்கடன் ஆன தேதி என்று போட்டிருப்பது உங்கள் கணக்கு அறிக்கையோடு ஒத்துப்போகிறதா? தொகை எந்தத் தேதி வரைக்கும் கணக்கிடப்பட்டது? கடைசியாக நீங்கள் கட்டியவை கழிக்கப்பட்டிருக்கின்றனவா? சொத்து விவரத்தில் சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா? அபராதத்தையும் பாருங்கள். தாமதத்துக்கு 'அபராத வட்டி' போட்டு அதற்கும் வட்டி ஏற்றுவதை ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டது. 2024-லிருந்து நியாயமான 'அபராதக் கட்டணம்' மட்டுமே போடலாம், அதை அசலோடு சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது.

தப்பு ஏதும் இருந்தால், இல்லாவிட்டாலும் உங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டியிருந்தால், 13(3A) உட்பிரிவின்கீழ் ஆட்சேபம் எழுதுங்கள். வங்கி அதைப் பரிசீலித்து 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த உரிமை சும்மா வந்ததன்று. 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன அதே தீர்ப்பில், கடன்காரர் சொல்வதை வங்கி காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகுதான் இந்த உட்பிரிவே சேர்ந்தது.

திருப்பூரில் சிறிய பின்னலாடைப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் ஆட்சேபக் கடிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரே பக்கம். அழுகை இல்லை, வசவு இல்லை. 'இந்தத் தேதியில் கிளையில் ரொக்கமாக 46,000 ரூபாய் கட்டினேன், ரசீது நகல் இணைத்துள்ளேன், நோட்டீஸில் அது கழிக்கப்படவில்லை' என்று முதல் வரி. 'வடக்கு எல்லை தவறாக உள்ளது' என்று இரண்டாவது வரி. மூன்றாவதாக, வீட்டை விற்றே கடனைத் தீர்க்க விரும்புவதாகவும் அவகாசம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். நோட்டீஸைத் திரும்பப் பெற்று, திருத்திப் புதிதாக அனுப்ப வேண்டியதாயிற்று. அறுபது நாள் புதிதாக ஓடத் தொடங்கியது. அந்த இடைவெளியில் அவர் வீட்டை விற்றுவிட்டார். அதே வாரம் எட்டுப் பக்கத்துக்கு வங்கியைத் திட்டி வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய வேறொருவருக்கு எட்டு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டோம்.

ஆட்சேபத்தை வங்கி நிராகரித்தால் அந்தக் கட்டத்திலேயே, இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. சுவாதீனம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆனாலும் எழுதுங்கள். பிற்பாடு தீர்ப்பாயத்தில் முதல் கேள்வியே "ஆட்சேபம் கொடுத்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும்.

சட்டம் தொடாத சொத்துகள்

31-ஆம் பிரிவைக் கட்டாயம் பாருங்கள். விவசாய நிலத்தின்மீது இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. எங்கள் பக்கம் தோட்டத்தையும் வீட்டையும் சேர்த்து அடமானம் வைத்தவர்கள் நிறையப் பேர் என்பதால் இது பெரிய விஷயம். ஆனால் பட்டாவில் 'புஞ்சை' என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று காட்டும் பொறுப்பு கடன் வாங்கியவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. அடங்கல் (கிராமத்தில் பராமரிக்கும் பயிர்க் கணக்கு) நகல், மின் இணைப்பு விவரம் போன்றவை வேண்டும். கல் நட்டு மனை பிரித்துவிட்ட இடத்தைத் தோட்டம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே பிரிவின்படி, மீதி நிற்கும் தொகை அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் இந்தச் சட்டம் பாயாது. பதினைந்து வருடம் கட்டிவிட்டுக் கடைசியில் தடுமாறுபவர்களுக்கு இது உயிர்நாடி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே நோட்டீஸ் அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வந்தால் ஆட்சேபத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள். வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருந்தால் கடன் 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் விதி. வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அவை வேறு வகை.

நீங்களே விற்பது

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தவணையைத் திரும்பக் கட்டும் வருமானம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்றால், வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். மனம் ஒப்பாதுதான். பெற்றோர் வாழ்ந்த வீடு, பிள்ளை பிறந்த வீடு என்று ஆயிரம் இருக்கும். ஆனால் விலை விழுந்திருக்கும் காலத்தில் வங்கி ஏலம் உங்களுக்கு எதையும் மிச்சம் வைக்காது. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

ஏலத்துக்கு முன் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்ப்பார். அவர் அறிக்கையில் வழக்கமாக மூன்று தொகைகள் இருக்கும்: சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு. நல்ல காலத்தில் மூன்றும் நெருக்கமாக நிற்கும். மந்த காலத்தில் மூன்றாவது தொகை கீழே போய்விடும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை அதை ஒட்டியே அமையும். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் இன்னும் இறங்கும். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அடுத்ததற்கு 15 நாள் போதும். ஏலம் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் மூன்றாவது ஏலத்துக்கென்றே காத்திருக்கும் ஆட்கள் இருந்தார்கள். முதல் ஏலத்தன்று வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

ஓர் உதாரணம். கடன் நிலுவை 32 லட்சம். விலை ஏறியிருந்த காலத்தில் 45 லட்சத்துக்குக் கேட்ட வீடு, இப்போது 38 லட்சத்துக்குத்தான் போகும். நீங்களே விற்றால் தரகும் சில்லறைச் செலவும் போக ஐந்தரை லட்சமாவது கையில் நிற்கும். ஒரு போக்கியத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஆகும். ஏலத்துக்கு விட்டால் குறைந்தபட்ச விலை 33 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எட்டு மாத வட்டி ஏறியிருக்கும். நாளிதழ் விளம்பரம், மதிப்பீட்டாளர், வழக்கறிஞர் ஆணையர், காவலாள் என்று எல்லாச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். வீடும் போய், கடனில் பாக்கியும் நிற்கும்.

விற்பதற்கு வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு சம்மதமில்லாமல் விற்பதும் குத்தகைக்கு விடுவதும் சட்டப்படி குற்றம். பயப்படத் தேவையில்லை, பணம் வரும் என்றால் எந்த வங்கியும் மறுக்காது. வேலை நடக்கும் வரிசை இது: கடனை முடிக்க வேண்டிய தொகைக்கான கடிதம் ஒன்றும், வங்கியிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல் ஒன்றும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர் கேட்கும் முதல் இரண்டு தாள்கள் இவைதான். தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றுக்கும் உங்களிடம் நகல் இருக்கட்டும். வாங்குபவரோடு எழுதும் கிரய ஒப்பந்தத்தில், விலையில் இவ்வளவு நேராக என் கடன் கணக்குக்குப் போகும் என்று வங்கி, கிளை, கணக்கு எண்ணோடு எழுதுங்கள். வாங்குபவரும் கடன் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கி உங்கள் வங்கியின் பெயரிலேயே வரைவோலை கொடுத்துவிடும். அது சேர்ந்ததும், கடன் வாங்கியபோது ஆவணங்களை ஒப்படைத்துப் பதிவு செய்த அடமானத்தை நீக்கும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதே நாளில் கிரயத்தையும் முடித்துவிடலாம். வங்கி அதிகாரி வர வேண்டியிருக்கும் என்பதால் மாதக் கடைசியைத் தவிருங்கள். மாதக் கடைசியில் கிளையில் யாரையும் பிடிக்க முடியாது.

மந்த காலத்துக்கே உரிய ஒரு சிக்கல் வழிகாட்டி மதிப்பு. சந்தை விலை விழும் வேகத்துக்கு அரசு மதிப்பு விழாது. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது; அப்படி எப்போதும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, பின்னர் அது ஏறவும் ஏறியது. விற்கும் விலை வழிகாட்டி மதிப்பைவிடக் கீழே போனாலும் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அரசு மதிப்புக்கே கட்ட வேண்டும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியிலும் அரசு மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்வார்கள். விலை பேசும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிடுங்கள். வாங்குபவர் பின்வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கெல்லாம் ஒரு கடைசி நாள் உண்டு. முன்பெல்லாம் ஏலம் நடக்கும் நாள் வரைக்கும் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) உட்பிரிவு, பொது ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பு கட்ட வேண்டும் என்று சொல்கிறது. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், அறிவிப்பு நாளிதழில் வந்த பிறகு கடன்காரருக்கு மீட்கும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஏலம் இன்னும் முப்பது நாள் தள்ளி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பேரிடி. வழக்கறிஞர்களிலேயே சிலர் இன்றும் பழைய நினைப்பில் "ஏலத்தன்று காலையில் கட்டிவிடலாம்" என்கிறார்கள். நம்பாதீர்கள்.

சுவாதீனம், தீர்ப்பாயம்

அறுபது நாள் முடிந்தால் வங்கி 13(4)-இன்படி சுவாதீனம் எடுக்கலாம். முதலில் வருவது பெயரளவுச் சுவாதீனம். ஓர் அதிகாரி, உடன் ஒருவர், ஒரு பசைக் குப்பி, ஒரு கேமரா. வாசல் கதவில் அறிவிப்பை ஒட்டி, வீட்டு எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், அறிவிப்பு வரும். ஒட்டியதைக் கிழித்துப் போட்டால் எந்தப் பயனும் இல்லை, படம் போதும். அதற்குப் பதில் நீங்களும் ஒரு படம் எடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம், 17-ஆம் பிரிவின்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப்போட அந்த நாளிலிருந்து 45 நாள்தான்.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 10 லட்சம் வரை லட்சத்துக்கு 500 ரூபாய்; அதற்கு மேல் 5,000 ரூபாயோடு கூடுதல் லட்சம் ஒவ்வொன்றுக்கும் 250 ரூபாய். 32 லட்சம் நிலுவைக்கு 10,500 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம் தனி. பெண்கள் பெயரில் கடன் இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு.

தீர்ப்பாயம் எதைப் பார்க்கும்? "கொரோனாவில் தொழில் போயிற்று" என்பதை அனுதாபத்தோடு கேட்கும், அதற்காக வங்கியைத் தடுக்காது. நோட்டீஸ் முறையாகச் சேர்ந்ததா, ஆட்சேபத்துக்குப் பதில் தரப்பட்டதா, ஏழு நாளுக்குள் நாளிதழில் வந்ததா, ஏலத்துக்கு முன் மதிப்பீடு நடந்ததா, முப்பது நாள் அவகாசம் கொடுக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஓட்டை இருந்தால் நடவடிக்கை ரத்தாகும். இடைக்காலத் தடை கொடுத்தால் பெரும்பாலும் நிலுவையில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டச் சொல்லித்தான் கொடுக்கும். கட்டத் தவறினால் தடை தானாக விலகும். அங்கே தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போனால் கடனில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும்; கெஞ்சிக் கேட்டால் கால் பங்கு வரை குறைப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு ஒரே நாளில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இவற்றை ஏற்கக் கூடாது என்று 2010-லேயே சத்யவதி டாண்டன் வழக்கில் சொல்லியாகிவிட்டது.

நேரடியாக வீட்டைப் பூட்டும் நாள் வேறு. அதற்கு வங்கி, 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கும். வழக்கறிஞர் ஆணையர் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர், காவல்துறை எல்லாரும் வருவார்கள். உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டியலிட்டு மகஜர் எழுதுவார்கள். வீடுதான் அடமானம், பீரோவும் கட்டிலும் உங்களுடையவை. நாள் தெரிந்துவிட்டால் பள்ளிச் சான்றிதழ்கள், ரேஷன் அட்டை, மருந்துகள், வங்கிப் புத்தகங்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். மகஜரில் விட்டுப்போன பொருள் எதுவும் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதில் எழுதச் சொல்லுங்கள். அங்கே வந்திருக்கும் காவலரோடு சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதற்கு முந்திய மாதங்களில் வசூல் முகவர்கள் தொல்லை இருக்கும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது. அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். மீறினால் வங்கிக்கு எழுதிப் புகார் கொடுத்து, 30 நாளில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஏலத்துக்குப் பிறகு, அல்லது அதைத் தவிர்த்த பிறகு

ஏலம் நடந்தேவிட்டால், எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை 15 நாளில். நீட்டிப்புக் கொடுத்தாலும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. இதில் தவறினால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்க உங்கள் சம்மதமும் வேண்டும். அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் கவனமாக இருங்கள். கடன் தீர்ந்து மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம், 13(7) அப்படித்தான் சொல்கிறது. வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்கும் என்று காத்திருக்காமல், விற்பனைத் தொகை, கழித்த செலவு, மீதி என்று வரிவரியாகக் கணக்குக் கேட்டு எழுதுங்கள். பற்றாக்குறை என்றால் மீதிக்கு வங்கி தனியாக வழக்குப் போடும். ஜாமீன் போட்டவரையும் விடாது.

ஒருமுறைத் தீர்வு, அதாவது நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மீதியை வாங்கிக் கணக்கை முடிப்பது, பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது வங்கி கொடுக்கும் சலுகை. உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சந்தை படுத்திருக்கும்போது வங்கிக்கும் ஏலத்தில் ஆள் கிடைக்காது என்பதால் பேரம் பேச அதுவே நல்ல நேரம். இரண்டு ஏலம் ஆளில்லாமல் போனபின் வங்கியின் குரல் இறங்கும். ஆனால் உங்கள் மீட்பு உரிமை அதற்குள் போயிருக்கும் என்பதால் அவ்வளவு நாள் காத்திருந்து சூதாட வேண்டாம். கொடுக்க முடிந்த தொகையோடு, எப்போது எவ்வளவு என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு தொகையைக் கட்டியும் காட்டுங்கள். வெறும் வாக்குறுதியை எந்தக் குழுவும் படிக்காது. தீர்வில் முடித்த கடன் உங்கள் கடன் வரலாற்றில் அப்படியே பதிவாகி நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

கடன் எந்த வழியில் முடிந்தாலும் அசல் ஆவணங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆவணங்களைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பத்திரத்தின் பக்கங்களையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ரசீது பதிவான பின் ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அடமான நீக்கம் அதில் ஏறியிருக்கிறதா, சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் விட்டுப்போயிருந்தால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அன்றே மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.